கற்பிக்கக் கற்றவர்கள்: ஜான்ஸ் தீவின் பின்னறையும் நமது மாலை வகுப்பும்



யாருடைய நினைவைப் போற்ற நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அவரை நம்மில் பலரும் ‘வாத்தியார்’ என்று மட்டுமே அழைத்துப் பழகியவர்கள். அவர் எந்தப் பள்ளியிலும் வாத்தியாராக இருந்ததில்லை. அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தார். ஈய எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்துக் கோத்துத் தமிழையும் ஆங்கிலத்தையும் எந்தப் பக்கம் திருப்பினாலும் படிக்கக் கற்றவர். வேலை முடிந்து வந்ததும் காலனிச் சாவடியில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பலர் இருந்தார்கள். பெரியவர்களுக்கு அவர் ஒருவர்தான் இருந்தார்.

அவர் மறைந்த பிறகு அந்த வகுப்பை நாங்கள் ஏற்று நடத்தினோம். நாங்கள் என்றால் பட்டம் பெற்றவர்கள். சமூகவியலும் இலக்கியமும் படித்தவர்கள். ஆங்கிலத்தில் முதுகலை முடித்த ஒரு தோழரை ஆசிரியராக அமர்த்தினோம். முதல் வாரத்தில் இருபத்தாறு பேர் வந்தார்கள். தூய்மைப் பணியாளர்கள், வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார்கள், ஆட்டோ ஓட்டும் தம்பிகள், கூரியர் மூட்டை சுமப்பவர்கள். மூன்றாம் மாதம் ஆறு பேர் இருந்தார்கள். ஐந்தாம் மாதம் பூட்டிவிட்டோம். ‘மக்களுக்கு ஆர்வம் இல்லை’ என்று எங்கள் ஆண்டறிக்கையில் எழுதினோம். அந்த வரியை நாங்கள் இந்த மேடையில் திரும்பப் பெறுகிறோம்.

அந்த வகுப்புக்கு வந்தவர்களில் தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். எழுத்துகளும் பழங்களின் பெயர்களும் முடிந்து, விலங்குகளின் பெயர்களுக்கு வந்திருந்த நாளில் எழுந்து கேட்டார்: “தம்பி, இதையெல்லாம் நான் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்துடறேன். எனக்கு எப்ப சொல்லித் தருவீங்க?” எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அடுத்த வாரம் வரவில்லை. வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது: ஒப்பந்ததாரர் மாறியபோது ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தனக்கு எந்தச் சம்பளப் பாக்கியும் வர வேண்டியதில்லை என்று அவரே ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. அதன் ஜெராக்ஸை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு நாளும் வகுப்புக்கு வந்திருக்கிறார். அந்தத் தாளைப் படிப்பதற்காகவே வந்திருக்கிறார். பையில் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவரை யார் உருவாக்குவது, எப்படி உருவாக்குவது என்பதே இந்த உரையின் கேள்வி. சிறிய கேள்விபோலத் தோன்றலாம். ஒடுக்கப்பட்டோர் இயக்கங்களின் வரலாற்றில் அது பெரிய கேள்வியாகவே இருந்திருக்கிறது.

தேவி வந்தாள், ஆசிரியர் வந்தாரா?

ஆங்கிலம் நமக்கு வேண்டும் என்பதில் நம் முன்னோர்களுக்குக் குழப்பம் இருந்ததில்லை. சாவித்திரிபாய் புலே 1854இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலம் கற்கும்படி சூத்திர, அதிசூத்திர மக்களை அழைத்தார். 2010இல் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், பாங்கா என்ற கிராமத்தில், சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் முன்னெடுப்பில் ‘ஆங்கில தேவி’க்குக் கோவில் எழுப்ப அடிக்கல் நாட்டப்பட்டது. கையில் பேனாவுடன் கணினியின்மேல் நிற்கும் தேவி. அதைக் கேலி செய்தவர்கள் பலர். தம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நமக்குத் தாய்மொழிப் பற்றைப் போதித்தவர்களின் கேலி அது. அந்த ஆசையின் நியாயத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தேவி ஆசையைத்தான் தர முடியும்; ஆசிரியரை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

புலே தம்பதியர் இதை அறிந்திருந்தார்கள். சாவித்திரிபாய் 1848இல் புனேவில் பெண்கள் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார் என்பதை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அகமதுநகரில் சிந்தியா ஃபெரார் நடத்திய நிறுவனத்திலும் புனேவின் நார்மல் பள்ளியிலும் அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நம் மேடைகளில் சாணியும் கல்லும் வீசப்பட்ட கதை நிற்கிறது. பயிற்சி எடுத்த கதை உதிர்ந்துவிடுகிறது. தியாகத்தைப் போற்றும் நாம் தொழில்திறனைப் போற்ற மறந்துவிடுகிறோம்.

1855இல் புலே தம்பதியர் உழைப்பாளிகளுக்கும் விவசாயிகளுக்கும் இரவுப் பள்ளி தொடங்கினார்கள். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் ஜோதிராவ் அளித்த விண்ணப்பத்தில் ஆசிரியரைப் பற்றிய பகுதி நாம் கவனிக்க வேண்டியது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கூடியவரை உழவர் சமூகங்களிலிருந்தே வர வேண்டும். அந்த மக்களோடு தடையின்றிப் பழகி அவர்கள் தேவையைப் புரிந்துகொள்பவராக இருக்க வேண்டும். கலப்பையின் மேழியைப் பிடிக்கக் கூசாதவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு முறையான பயிற்சியும் தகுந்த ஊதியமும் தர வேண்டும் என்கிறார். நம்மவராக இருக்க வேண்டும், பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் அவர் சேர்த்தே கேட்டார். நாம் ஒவ்வொரு தடவையும் இரண்டில் ஒன்றை விட்டுவிடுகிறோம்.

இரண்டும் சேர்ந்தபோது என்ன நடக்கும் என்பதை நம் காலத்துக்கு அருகில் செய்து காட்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதையும், 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எழுந்ததையும் நாம் அறிவோம். அந்த உறவின் வரிசையில் செப்டிமா கிளார்க் என்ற பெயர் இன்னும் நம் நாவில் ஏறவில்லை.

தீவும் பேருந்தும்

தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டிய கடலோரத் தீவுகளில் ஒன்று ஜான்ஸ் தீவு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இடம். அவர்கள் பேசும் மொழி ‘கல்லா’. ஆங்கிலச் சொற்களும் ஆப்பிரிக்க மொழிகளின் இலக்கணமும் சொற்களும் கலந்து பிறந்த மொழி அது. நீண்ட காலம் அதை உடைந்த ஆங்கிலம் என்றும், சோம்பேறிகளின் பேச்சு என்றும் இகழ்ந்தார்கள். கறுப்பின மொழியியலாளர் லோரன்சோ டவ் டர்னர் 1949இல் வெளியிட்ட நூலில் அதன் ஆப்பிரிக்க வேர்களை நிறுவினார். சேரிப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கிய ஊரிலிருந்து வரும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆக, அந்தத் தீவு மக்களுக்கு அரசு அலுவலகத்தின் ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டாம் மொழிதான்.

அந்த ஆங்கிலம்தான் வாக்குச்சாவடியின் வாசலில் காவலாக நின்றது. வாக்காளராகப் பதிவுசெய்ய வேண்டுமானால் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். பள்ளியே தராமல் வைத்திருந்த மக்களிடம் படித்துக் காட்டு என்று கேட்கும் சட்டம்.

ஈசா ஜென்கின்ஸ் தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் பேருந்தை ஓட்டியவர். வண்டியிலேயே பதிவு பற்றிய சட்டப் பகுதிகளைப் படித்துக்காட்டி விளக்குவார். அதில் பயணம் செய்த ஆலிஸ் வைன் என்ற பெண் அந்தப் பகுதிகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தே பதிவு பெற்றார். ஆனாலும் அவர் நிறைவடையவில்லை. உண்மையிலேயே படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஒப்பித்தலுக்கும் படித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் சொல்லாமல் மாணவி சொன்னார்.

தீவில் முதியோர் வகுப்புகள் ஏற்கெனவே நடந்து தோற்றிருந்தன. வளர்ந்தவர்களைச் சிறுபிள்ளைகளின் மேசையில் கால்மடக்கி உட்காரவைத்துச் சிறுபிள்ளைப் பாடம் நடத்தினார்கள். நீண்ட காலை மடக்க முடியாமல் அவர்கள் உட்கார்ந்திருந்த கோலம் கேலிக்கு ஆளானது, வருவது நின்றுபோனது. இதைப் படித்தபோது எங்கள் ஆண்டறிக்கை வரி நினைவுக்கு வந்து குத்தியது.

நாற்பது ஆண்டு ஆசிரியை

செப்டிமா பாயின்செட் கிளார்க் 1898இல் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். ஏவரி நார்மல் இன்ஸ்டிட்யூட்டில் ஆசிரியப் பயிற்சி முடித்து 1916இல் வேலை தேடியபோது, கறுப்புக் குழந்தைகள் படித்த சார்ல்ஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகளில்கூடக் கறுப்பர்கள் ஆசிரியராக முடியாது. அதனால் ஜான்ஸ் தீவுக்குப் போனார். 132 குழந்தைகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். பகலில் குழந்தைகள், இரவில் பெரியவர்கள். பாடநூல் இல்லை, கரும்பலகை இல்லை. மாணவர்களை அவர்களைச் சுற்றியுள்ள வாழ்க்கையைச் சொல்லச் சொல்லி, அதைச் சலவைக்கடைக் காகிதப் பைகளில் எழுதி, அந்தச் சொற்களையே பாடமாக்கினார்.

1956இல் தென் கரோலினா ஒரு சட்டம் கொண்டுவந்தது: அரசு ஊழியர் எவரும் கறுப்பர் உரிமைக்கான தேசியச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது. கிளார்க் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்தார். நாற்பது ஆண்டுப் பணியும் ஓய்வூதியமும் பறிபோயின. 58 வயதில் தெருவுக்கு வந்த அந்த ஆசிரியையை, டென்னசி மாநிலத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் 1932இல் நிறுவிய ஹைலேண்டர் மக்கள் பள்ளி பயிலரங்க இயக்குநராக அமர்த்தியது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உண்டு பேசிய அபூர்வமான இடம் அது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கிளார்க் நடத்திய பயிலரங்குக்கு ரோசா பார்க்ஸ் வந்து போயிருந்தார். சில மாதங்களில் மாண்ட்கமரி பேருந்தில் எழ மறுத்தார்.

ஈசா ஜென்கின்ஸின் வேண்டுகோள் ஹைலேண்டருக்கு வந்தது: தீவில் பெரியவர்களுக்கு ஒரு பள்ளி வேண்டும். கூட்டுறவுச் சங்கம் ஒரு கட்டடத்தை வாங்கியது. முன்புறம் மளிகைக் கடை. பின்புறம் ஜன்னல் இல்லாத வகுப்பறை. வெள்ளையர் கண்ணில் படாமலிருக்க அந்த ஏற்பாடு. இடம் கிடைத்துவிட்டது. ஆசிரியர் யார்?

அழகுநிலையம் நடத்தியவர்

கிளார்க்கும் ஹார்ட்டனும் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சனை. கிளார்க்கின் உறவுக்காரர். சார்ல்ஸ்டனில் பெண்களுக்கு முடி திருத்தும் அழகுநிலையம் நடத்தியவர், தையல் தெரிந்தவர். தான் ஆசிரியை இல்லை என்று தயங்கினார். அதனால்தான் அவரைக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்து அதட்டல் அவரிடம் இல்லை. மக்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது அவரது அன்றாடத் தொழில். வாழ்வாதாரத்துக்கு வெள்ளையரை நம்பியிருக்காததால் அவரை யாரும் வேலையிலிருந்து நீக்கவும் முடியாது.

1957 ஜனவரி 7. வயல்வேலை குறைந்த குளிர்காலம். பின்னறைக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். ராபின்சனும் முதலில் எங்களைப் போலவே தொடக்கப்பள்ளிப் பாடங்களைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார். போன இடத்திலேயே அவை பயன்படாது என்று கண்டு ஒதுக்கிவைத்தார். தானும் அவர்களோடு கற்கவே வந்திருப்பதாகச் சொல்லி, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். வேதாகமம் படிக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். வாக்காளராகப் பதிய வேண்டும். அதுவே பாடத்திட்டம் ஆயிற்று. பதிவுப் படிவம், மணியார்டர் தாள், அஞ்சல்வழி வியாபாரப் பட்டியல் ஆகியவையே பாடநூல்கள். சுவரில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டினார். பருவம் முடியும்போது அதை எல்லோரும் படிக்க வேண்டும் என்பது இலக்கு.

பேனாவே பிடிக்காத கைகளுக்கு ஒரு முறை இருந்தது. அட்டையில் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்து, அதன்மேல் பென்சிலால் திரும்பத் திரும்ப வரையச் செய்தார்கள். விரல் பழகிய பிறகு அட்டையில்லாமல் எழுத்து வந்தது. பலகையில் எழுதப்பட்ட பெயர்களுக்கிடையே தன் பெயரை அடையாளம் கண்டு சொன்ன 65 வயதுப் பெண்ணைப் பற்றி ராபின்சன் பின்னாளில் நெகிழ்ந்து பேசியிருக்கிறார். கைநாட்டு வைத்தே காலம் கழித்த நம் பாட்டிகளை நினைத்தால் அந்த நெகிழ்ச்சி நமக்கும் புரியும்.

பாவ்லோ ஃப்ரெய்ரேவை நம் இயக்கங்கள் நன்கு அறியும். பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் 300 தொழிலாளர்களுக்கு அவர் நடத்திய புகழ்பெற்ற எழுத்தறிவு வகுப்பு 1963இல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே ஒரு கடையின் பின்னறையில் ஒரு முடிதிருத்தும் பெண் இதைச் செய்துகொண்டிருந்தார்.

பயிற்சி என்ற சொல்

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் தவறான பாடம் கிடைக்கும். ‘பட்டம் வேண்டாம், பயிற்சி வேண்டாம், மக்களை நேசித்தால் போதும்’ என்று கைதட்டிவிட்டுப் போகலாம். ராபின்சனின் பின்னால் நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்ற ஒரு தொழில்முறை ஆசிரியை இருந்தார். பெயரை அட்டையில் வரையும் முறையும், மாணவரின் சொல்லைப் பாடமாக்கும் முறையும் அன்பிலிருந்து மட்டும் வந்தவை அல்ல. அனுபவத்தில் சோதித்துத் தேர்ந்தவை. கிளார்க்கின் சாதனை ராபின்சனைக் கண்டுபிடித்ததில் பாதி. ராபின்சன்களை உருவாக்கும் பயிற்சியை வகுத்ததில் மறுபாதி.

1959இல் போலீஸ் ஹைலேண்டரைச் சோதனையிட்டது. 1961இல் மாநில அரசு அதை மூடி நிலத்தைப் பறித்தது. குடியுரிமைப் பள்ளித் திட்டம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென்னகக் கிறித்துவத் தலைமை மாநாட்டின்கீழ் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் மக்கின்டாஷ் என்ற சிற்றூரில், விடுதலை பெற்ற அடிமைகளுக்காக முன்பு நடந்த டார்செஸ்டர் பள்ளி வளாகத்தில் பயிற்சி நடந்தது. கிளார்க், டோரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் ஆகியோர் நடத்தினார்கள். தென்மாநிலங்களிலிருந்து பேருந்துகளில் ஆட்கள் வந்தார்கள்: விவசாயிகள், சமையல்காரர்கள், முடிதிருத்துவோர், பாட்டிமார்கள். கிளார்க் எதிர்பார்த்த தகுதி எளிமையானது: உரக்கத் தெளிவாகப் படிக்கத் தெரிய வேண்டும், தன் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதத் தெரிய வேண்டும். பட்டச் சான்றிதழ் கேட்கவில்லை.

ஐந்து நாள் பயிற்சி. உங்கள் ஊரில் என்ன கொடுமை நடக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவார்கள். பிறகு பதிவுப் படிவம், வங்கிக் காசோலை, மாநிலச் சட்டம். பெயர் எழுதவைக்கும் முறை, வகுப்பைத் தொடங்கும் முறை. பாட்டும் உண்டு. ஊர் திரும்பியவர்கள் சமையலறையிலும் தேவாலயத்திலும் அழகுநிலையத்திலும் வகுப்பு நடத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் இப்படி ஆசிரியர் ஆனார்கள். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்திலிருந்து வந்த ஃபேனி லூ ஹேமர் அவர்களில் ஒருவர். 1963 ஜூனில் சார்ல்ஸ்டனில் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் வினோனா ஊரில் கைதாகிக் காவலில் கொடூரமாக அடிக்கப்பட்டார். எழுத்துச் சொல்லிக்கொடுப்பது ஆளும் சாதிக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை அடித்தவர்கள் அறிந்திருந்தார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபோது அதைப் பயன்படுத்த ஒரு மக்கள் படையே தயாராக இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இயக்கத்தின் ஆண் தலைவர்கள் பெண்கள் சொல்வதைக் காதில் வாங்கவில்லை. நிர்வாகக் குழுவில் தான் ஏன் இருக்கிறேன் என்றே கேட்டார்கள் என்று கிளார்க் பின்னாளில் வெளிப்படையாகப் பதிவுசெய்தார். ஊர்வலத்தின் முன்வரிசை வரலாறாகிறது. வகுப்பறை வேலை பெண்கள் வேலையாகி மறைகிறது. நம் இயக்கத்திலும் இதுதான் நிலை. பறிக்கப்பட்ட ஓய்வூதியம் 1976இல்தான் அவருக்குக் கிடைத்தது, 1987இல் மறைந்தார்.

மேலிருந்து வந்த பயிற்சி

அதே ஆண்டுகளில் உலகில் வேறொரு ஆங்கிலப் பயிற்சி மரபும் வளர்ந்தது. 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றிக் கூடியது. அந்த மரபின் நம்பிக்கைகளை ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் ஐந்து மூடநம்பிக்கைகளாகத் தொகுத்தார்: ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும், ஆங்கிலம் தாய்மொழியானவரே சிறந்த ஆசிரியர், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, எவ்வளவு அதிகம் கற்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, பிற மொழிகள் நுழைந்தால் ஆங்கிலத்தின் தரம் கெடும். இந்த ஐந்தின்படி பார்த்தால் நம் கம்பாசிட்டர் வாத்தியார் எல்லா வகையிலும் தகுதியற்றவர். நாற்பது வயதில் கற்க வரும் அக்காவும் அப்படியே.

நம் சென்னை மாநிலத்திலேயே 1959இல் பிரிட்டிஷ் கவுன்சில் துணையுடன் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தருவது நோக்கம். ஒருவர் பலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகும் என்பதால் ‘பனிப்பந்து’ என்று பெயரிட்டார்கள். கிளார்க்கின் பயிற்சியும் ஒருவரிலிருந்து பலருக்குப் பெருகியதுதான். வேறுபாடு எது பெருகியது என்பதில் இருக்கிறது. அங்கே மேலே வகுத்த முறை கீழே இறங்கியது. இங்கே ஒவ்வொரு ஊரின் கேள்வியும் பயிற்சி அறைக்குள் ஏறிவந்தது.

அதற்காகத் தொழில்முறைப் பயிற்சியை நாம் தூக்கி எறிந்துவிடக் கூடாது. 1962இல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட், பிரிட்டா ஹேக்ராஃப்ட் தம்பதியர் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்போருக்கான குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் நான்கு வாரச் சான்றிதழ் படிப்புகளின் மூலம் அதுதான். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. பயிற்சி பெறுபவர் முதல் வாரத்திலேயே உண்மையான மாணவர்முன் நிற்கிறார். சக பயிற்சியாளர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் எங்கே சறுக்கியது என்று பேசுகிறார்கள். ஆசிரியர் பேசும் நேரத்தைக் குறைத்து மாணவர் பேசும் நேரத்தைக் கூட்டப் பழகுகிறார்கள். எங்கள் மாலை வகுப்பில் ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தைந்து நிமிடம் நாங்களே பேசினோம்.

தமிழைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த எல்சா அவர்பாக், ஆங்கிலம் மட்டும் என்ற விதிக்குக் கல்வி நியாயத்தைவிட அரசியல் காரணமே பெரிது என்று 1993இல் எழுதினார். தன் மொழியில் தன் நிலைமையைச் சொல்ல அனுமதி பெற்ற பெரியவர்தான் அடுத்த மொழியை அச்சமின்றித் தொடுகிறார். அந்த அக்கா தமிழில் கேட்ட கேள்விக்கு நாங்கள் தமிழிலேயே பதில் சொல்லியிருந்தால் பையைத் திறந்து காட்டியிருப்பார்.

வாத்தியார் விட்டுச்சென்றதும் விடாததும்

வாத்தியாரின் வகுப்பில் ஆட்கள் ஏன் நின்றார்கள்? அவரிடம் படித்தவர்களை இப்போது தேடித்தேடிக் கேட்கிறோம். மருத்துவமனைச் சீட்டைக் கொண்டுவரச் சொல்வாராம். மின்கட்டண அட்டையைக் கொண்டுவரச் சொல்வாராம். பேருந்துப் பலகையிலிருந்து பாடம் தொடங்குவாராம். இவ்வளவுதான் கிடைக்கிறது. அவர் எப்படிப் பாடத்தைக் கட்டினார், தடுமாறியவரை எப்படிப் பிடித்தார், எதை முதலில், எதைப் பிறகு வைத்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அவர் அருகில் உட்கார்ந்து கற்பிக்கக் கற்றுக்கொள்ள நாங்கள் ஒருவரையும் அனுப்பவில்லை. ஆண்டுதோறும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். அவர் போனதும் அவர் அறிந்தது எல்லாம் அவரோடு போயிற்று. கிளார்க் ஓய்வு பெற்றபோது ஆயிரக்கணக்கான கிளார்க்குகள் இருந்தார்கள். நம் வாத்தியாருக்குப் பின் ஒருவர்கூட இல்லை. அவர் செய்யாமல் விட்டது அல்ல இது. நாம் செய்யாமல் விட்டது.

எனவே இந்த நினைவு நாளில் மாலைக்கும் மலருக்கும் மேலாக ஒரு வேலைத்திட்டத்தை வைக்கிறோம். மாலை வகுப்பை மீண்டும் திறப்பதற்கு முன், அதற்கான ஆசிரியர்களைப் பயிற்றுவோம். பத்துப் பேர் போதும். காலனியில் வாழ்பவர்களாக, பெரியவர்கள் கூசாமல் பேசக்கூடியவர்களாக இருக்க வேண்டும். தையல் கடை வைத்திருக்கும் தங்கை, சத்துணவு சமைக்கும் அக்கா, கல்லூரியில் படிக்கும் தம்பி. ஆங்கிலம் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெளிவாகப் படிக்கத் தெரிந்தால் போதும். மொழியறிந்த தோழர்கள் பின்னால் நின்று உதவுவார்கள். கிளார்க் நின்ற இடம் அது. கௌரவக் குறைவான இடம் அல்ல.

பாடப்பொருளை நாம் முன்கூட்டி அச்சடிக்கப் போவதில்லை. வருபவர்கள் தம் பையிலிருந்து எடுத்து வைக்கும் தாள்களே பாடம்: வருங்கால வைப்புநிதிச் சீட்டு, வங்கிப் படிவம், மருத்துவ அறிக்கை, கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி, ஒப்பந்தத் தாள். பயிற்சியில் ஒவ்வொருவரும் கற்பிப்பார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள், முடிந்ததும் பேசுவார்கள். என்ன செய்தோம் என்பதை ஒவ்வொரு இரவும் ஒரு நோட்டில் எழுதுவார்கள். புலே கேட்டபடி அவர்களுக்கு ஊதியமும் உண்டு. தொண்டு என்ற பெயரில் நம்மவர் உழைப்பை நாமே சுரண்டக் கூடாது. அதற்கான நிதியை இன்று இந்த மண்டபத்திலிருந்தே திரட்டத் தொடங்குகிறோம்.

கடந்த மாதம் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். தாளைக் காட்டினார். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். எங்கள் வழக்கறிஞர் தோழர் இப்போது அந்தப் பாக்கித் தொகைக்காக அவரோடு நிற்கிறார். முடிவு என்னவாகும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. கிளம்பும்போது பயிற்சிக்கு வரும்படி அவரை அழைத்தோம், கற்பிப்பவர்களில் ஒருவராக. “எனக்கே தெரியாததை நான் எப்படித் தம்பி சொல்லித் தர்றது?” என்றார். ராபின்சனும் முதலில் இப்படித்தான் தயங்கினார் என்று அவருடைய கதையைச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அவருக்காக ஓர் இடத்தை வைத்திருக்கிறோம். மீதி ஒன்பது இடங்களுக்கான பெயர்களை, இந்தக் கூட்டம் கலைவதற்குள், நீங்கள் தர வேண்டும்.

ஜெய்பீம்.